டெக்ஸ்சர் வாழ்த்து அட்டை: கோளாறைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்க

பொங்கலுக்கு அனுப்ப வேண்டிய அட்டைகளை மார்கழியில்தான் உட்கார்ந்து செய்கிறோம். எதுவும் லேசில் காயாத மாதம் அது. மேட்டுப் பூச்சு, துணி, சணல், அக்ரிலிக், மை என்று பலதையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றும் இந்த மாதிரி அட்டையில் வரும் கோளாறுகளில் முக்கால்வாசிக்குக் காரணம் தண்ணீர்தான். ஒன்று, அதிகமாகச் சேர்ந்திருக்கும். அல்லது காயாத அடுக்குக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். அல்லது ஒரு பக்கம் மட்டும் ஏறியிருக்கும். பொருள் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் ஈரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

கீழே சொல்வதெல்லாம் இந்த அளவுள்ள அட்டையை மனதில் வைத்து எழுதியது. அடி அட்டை: 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) கார்டு ஸ்டாக், ஏ4 தாளைப் பாதியாக மடித்தால் வரும் 148 × 210 மி.மீ. அதன் முகத்தில் ஒட்டுவதற்குத் தனியாக ஒரு முகப்புத் தாள்: 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாள், 138 × 200 மி.மீ. ஈரமான வேலை எல்லாமே இந்த முகப்புத் தாளில்தான். மடித்த அட்டைமேல் நேரடியாக எதையும் பூசுவதில்லை. இந்த ஒரு பழக்கமே பாதிக் கோளாறைத் தவிர்த்துவிடும்.

வேலை வரிசை: ஜெஸ்ஸோ (அடிப்பூச்சாகப் போடும் வெள்ளை அக்ரிலிக்), பிறகு துணி, டிஷ்யூ, நெளி அட்டை முதலிய ஒட்டு வேலை, பிறகு ஸ்டென்சில் வைத்து டெக்ஸ்சர் பேஸ்ட் என்ற மேட்டுப் பூச்சு, பிறகு நிறம், மேடுகளில் உலர் தூரிகை (ஏறக்குறைய நிறமே இல்லாத தூரிகையால் வருடுவது), எம்பாசிங் (மைமேல் பவுடர் தூவி, உருக்கி மேடாக்குவது), கடைசியாகப் பொத்தான், மணி மாதிரி கனமானவை. ஒவ்வொரு அடுக்கும் காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள விரல் நுனியால் அழுத்தாதீர்கள், தடம் விழும். புறங்கையை லேசாக ஒட்டி வையுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. நீர் ஆவியாகிக்கொண்டிருப்பதால்தான் அந்தக் குளிர்ச்சி. அறையின் சூடே அதிலும் இருந்தால் அடுத்த அடுக்குக்குப் போகலாம்.

முகப்புத் தாள் வளைந்துகொண்டது

எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். பூசிய பக்கம் உட்குழிந்து, ஓரங்கள் மேலே எழும்பியிருந்தால், காய்ந்த அக்ரிலிக்கும் பசையும் சுருங்கித் தாளை இழுத்திருக்கின்றன. பூசிய பக்கம் புடைத்து நின்றால் அது இன்னும் ஈரத்தில் இருக்கிறது. அந்தப் பக்க நார்கள் ஊதியிருக்கின்றன. இதற்கு எதுவும் செய்ய வேண்டாம், காயட்டும்.

உட்குழிந்த தாளை நிமிர்த்த, பின்பக்கத்தில் ஸ்ப்ரே பாட்டிலால் பனித்தூறல் அளவுக்கு நீர் தெளியுங்கள். சொட்டக் கூடாது, தாள் நிறம் சற்றே மங்கினால் போதும். நான்காக மடித்த டர்க்கி டவல்மேல் பட்டர் பேப்பர் விரித்து, அதில் முகம் கீழே இருக்கும்படி வையுங்கள். பின்பக்கத்தில் இன்னொரு பட்டர் பேப்பர், அதன்மேல் தட்டையான பலகை, பலகைமேல் இரண்டு மூன்று தடிப் புத்தகங்கள். ஓர் இரவு. டவல் மெத்தென்று இருப்பதால் மேடுகள் நசுங்காது. வெறும் மேஜைமேல் வைத்துப் பாரம் ஏற்றினால் தாள் நிமிரும், டெக்ஸ்சர் போய்விடும்.

அடுத்த அட்டையில் இது வராமலிருக்க இரண்டு வழி. முகப்புத் தாளின் நான்கு ஓரத்தையும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டிவிட்டு, கடைசி அடுக்கு காயும்வரை பிரிக்காமல் இருப்பது ஒன்று. முகத்தில் ஜெஸ்ஸோ பூசும்போதே பின்பக்கத்துக்கும் ஒரு மெல்லிய கோட் கொடுத்துவிடுவது இன்னொன்று. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுத்தால் தாள் எந்தப் பக்கமும் சாயாது. 200 ஜிஎஸ்எம்முக்குக் கீழே உள்ள தாளில் பேஸ்ட் வேலையே வேண்டாம். அதை நிமிர்த்துவதற்குச் செலவிடும் நேரத்தில் இன்னோர் அட்டை செய்துவிடலாம்.

பேஸ்ட் வெடிக்கிறது, பொடியாக உதிர்கிறது, குமிழ் விடுகிறது

இவை மூன்று வெவ்வேறு கோளாறுகள்.

நடுவில் சேற்று நிலம்போலப் பிளவு விழுந்தால், ஒரே தடவையில் கனமாகப் போட்டுவிட்டீர்கள். மேல்தோல் முதலில் இறுகிவிடுகிறது. அடியில் இருக்கும் ஈரம் பிறகு வெளியேறி அளவு சுருங்கும்போது தோல் கிழிகிறது. ஒரு தடவைக்கு 2 மி.மீக்கு மேல் வேண்டாம். 4 மி.மீ மேடு வேண்டுமானால் இரண்டு தடவை, நடுவில் ஓர் இரவு இடைவெளி. விழுந்த பிளவை அடைக்க அதே பேஸ்டைக் கொஞ்சம் தளர்த்தி, பாலெட் நைஃப் (பேஸ்ட் பூசும் மழுங்கல் கத்தி) நுனியால் பிளவுக்குள் அழுத்தித் தேய்த்து, மேலே மிஞ்சியதை ஈரத் துணியால் உடனே துடைத்துவிடுங்கள். பொங்கல் பானைக்கோ மண் சுவருக்கோ பேஸ்ட் போட்டிருந்தால் அந்தப் பிளவை அப்படியே விட்டு, உள்ளே நீர்த்த பழுப்பு நிறத்தை இறக்குவதுதான் எங்கள் யோசனை. அடைப்பதைவிட அது நன்றாக இருக்கும்.

விரலால் தடவினால் மாவாக ஒட்டுகிறது என்றால் பேஸ்டில் தூள் அதிகம், பசை குறைவு. வீட்டில் கலக்குபவர்களுக்குத்தான் இது பெரும்பாலும் வரும். தொடங்குவதற்கு நல்ல அளவு: சாக்பீஸ் தூள் அல்லது டால்கம் பவுடர் 2 ஸ்பூன், ஃபெவிகால் 1 ஸ்பூன், வெள்ளை அக்ரிலிக் 1 ஸ்பூன். தூளைச் சலித்துச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டென்சில் இழுக்கும்போது ஒவ்வொரு கட்டியும் ஒரு கோடு கிழிக்கும். தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான். கத்தியில் எடுத்துக் கவிழ்த்தால் விழாமல் நிற்க வேண்டும். நுனியில் இழுத்த கூர் சாயாமல் இருக்க வேண்டும். அதுதான் பதம். ஏற்கனவே உதிர்கிற அட்டையைக் காப்பாற்ற, மேட் மீடியத்தில் (பளபளக்காத, நிறமில்லாத அக்ரிலிக் பூச்சு) கால் பங்கு நீர் கலந்து, தூரிகையால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றிப் பூசுங்கள். தூள் அதை உறிஞ்சி இறுகிக்கொள்ளும். மேட் மீடியம் இல்லையென்றால் ஃபெவிகாலும் தண்ணீரும் சமமாக. ஆனால் அந்த இடம் லேசாகப் பளபளக்கும். நிறம் பூசுவதற்கு முன்னாலேயே செய்துவிட்டால் தெரியாது.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போட்டுக் கலக்கச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. அது கிண்ணத்திலேயே சில நிமிஷங்களில் இறுகத் தொடங்கும். காய்ந்தபின் வளையாது, தாள் வளைந்தால் முறியும். மரப்பலகைக்குச் சரி, கையில் எடுத்துத் திறந்து மூடும் அட்டைக்குச் சரிவராது.

குமிழுக்குக் காரணம், சூடான காற்றை ஊதும் ஹீட் கன். தோல் கட்டிய பேஸ்டுக்குள் ஈரம் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் ஊதிவிடுகிறது. முதல் ஒரு மணி நேரம் ஹீட் கன்னைத் தொடாதீர்கள், ஃபேன் காற்றே போதும். அவசரமென்றால் ஒரு அடி தூரத்தில் பிடித்து, ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். வந்துவிட்ட குமிழை ஊசியால் குத்தி, சூடாக இருக்கும்போதே கத்தியின் முதுகால் அழுத்தினால் படிந்துவிடும். ஆறியபின் என்றால் பிளேடால் சீவி, அந்த இடத்தை நிரப்ப வேண்டியதுதான்.

முழுத் துண்டாகவே பேஸ்ட் பெயர்ந்து வந்தால் அடித்தளம் வழவழப்பு: ஃபோட்டோ தாள், பளபளப்பான பழைய கல்யாணப் பத்திரிகை மாதிரி. 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஒரு கோட் ஜெஸ்ஸோ கொடுத்தபின்தான் அதில் பேஸ்ட் நிற்கும்.

ஸ்டென்சில் ஓரம் கசிந்து வடிவம் கலைந்தது

கரும்புத் தோகை நறுக்கென்று வராமல் கம்பளிப்பூச்சி மாதிரி வந்திருக்கிறதா? பேஸ்ட் தளர்வாக இருந்திருக்கும், அல்லது ஸ்டென்சில் அசைந்திருக்கும். மேல் ஓரத்தை மட்டும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டிக்கொள்ளுங்கள், கீல் போல இருக்கும். கத்தியைப் படுக்கவைத்து ஒரே திசையில் இழுக்க வேண்டும். திருப்பி இழுத்தால் முதலில் போனது அடியில் நுழைந்துவிடும். கீழ் ஓரத்தைப் பிடித்துக் கதவு திறப்பதுபோல மெதுவாக, ஒரே வீச்சில் தூக்குங்கள். பாதியில் நிறுத்திப் பார்ப்பதில்தான் ஓரங்கள் இழுபட்டுக் கூர் கூராக நிற்கின்றன.

அடியில் ஏற்கனவே ஜெஸ்ஸோ மேடோ, துணியோ இருந்தால் ஸ்டென்சில் படியாது, இடைவெளி வழியாகப் பேஸ்ட் ஓடத்தான் செய்யும். அங்கே மட்டும் மேலே சொன்ன வரிசையை மாற்றி, இடத்தை வெறுமையாக விட்டுவைத்து, ஸ்டென்சில் வேலையை முதலில் முடித்துவிட்டு, துணியைப் பிறகு ஒட்டுங்கள்.

கசிந்தது ஈரமாக இருக்கும்போதே நனைத்துப் பிழிந்த தட்டைத் தூரிகையால் ஓரத்தைத் தள்ளி நேராக்கலாம். பாதி காய்ந்த நிலையில் தொடாதீர்கள். முழுக்கக் காய்ந்தபின் கைவினைக் கத்தியால் செதுக்குவது சுலபம். ஸ்டென்சிலை உடனே தண்ணீரில் போட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து என்றால் அது ஒரு தனி வேலை.

நிறங்கள் கலந்து சேறாகிவிட்டன

பொங்கல் அட்டையில் இது அடிக்கடி நடக்கக் காரணம், படத்திலேயே இருக்கும் ஜோடிதான். செங்கரும்பின் ஊதாவும் மஞ்சள் கொத்தின் மஞ்சளும் நிறச் சக்கரத்தில் நேரெதிர். ஈரமாக இருக்கும்போது இரண்டும் தொட்டால் பழுப்புதான் வரும், எவ்வளவு விலை உயர்ந்த வண்ணமாக இருந்தாலும். சிவப்பும் பச்சையும் அப்படியே. மேட்டுப் பரப்பில் இது இன்னும் மோசம். பள்ளங்களில் தேங்கும் நீர் நீங்கள் கவனிக்காத இடத்துக்கு நிறத்தைக் கொண்டுபோய்விடுகிறது.

மஞ்சளை முதலில் முடித்து, முழுக்கக் காயவிடுங்கள். காய்ந்த அக்ரிலிக் மறுபடி நீரில் கரையாது, ஆகவே அதன்மேல் ஊதா பட்டாலும் துடைத்துவிடலாம். வாட்டர்கலரோ, நீரில் கரையும் மையோ என்றால் காய்ந்த பிறகும் கரையும். அங்கே இரண்டு நிறத்துக்கும் நடுவில் 2 மி.மீ வெள்ளையாக விட்டு, கடைசியில் பேனாவால் அடைப்பதே நல்லது.

சேறாகிப்போன அட்டையைத் தூக்கிப் போட வேண்டாம். நன்றாகக் காயவிட்டு, தட்டையான முரட்டுத் தூரிகையில் வெள்ளை ஜெஸ்ஸோவைத் தொட்டு, பழைய துணியில் துடைத்துத் துடைத்து ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத நிலைக்குக் கொண்டுவாருங்கள். தூரிகையைப் படுக்கவைத்து, அழுத்தாமல் பரப்பின்மேல் வீசுங்கள். மேடுகளில் மட்டும் வெள்ளை பிடிக்கும். சேறு பள்ளத்தில் தங்கி நிழலாகிவிடும். அந்த வெள்ளை மேடுகளில் மறுபடி சுத்தமான மஞ்சளையும் ஊதாவையும் தொட்டுக்கொள்ளலாம். முதலிலேயே சரியாக வந்த அட்டையைவிட இந்த அட்டையில் ஆழம் கூடுதலாகத் தெரிவது உண்டு. சிலர் வேண்டுமென்றே இப்படிச் செய்கிறார்கள்.

வெள்ளையாகப் போட்ட பேஸ்ட் மறுநாள் ரோஸ் நிறம்

அடியில் இருக்கும் சாயம் ஏறி வந்திருக்கிறது. க்ரேப் தாள், மலிவான வண்ண டிஷ்யூ, சாய மை, ஸ்கெட்ச் பேனா எல்லாமே நீரில் கரைபவை. மேலே போடும் பேஸ்டின் ஈரம் அதைக் கரைத்து, காயக் காய மேலே இழுத்துக்கொண்டு வரும். மேலே இன்னொரு வெள்ளைக் கோட் கொடுத்தால் அதுவும் நாளைக்கு ரோஸாகும். முதலில் மேட் மீடியம் ஒரு கோட், அது காய்ந்தபின் இன்னொரு கோட், பிறகுதான் வெள்ளை. முன்கூட்டியே தெரிந்துகொள்ள, ஈரப் பஞ்சால் தாளின் மூலையை ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் நிறம் வந்தால் மீடியம் போட்டு அடைக்காமல் மேலே எதையும் பூசாதீர்கள்.

இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த எழுத்தும் படமும் பசை பட்டவுடன் கலங்குவதற்குக் காரணமும் இதுவே. "பொங்கல் நல்வாழ்த்துகள்" என்று அச்சடித்து ஒட்டப்போகிறீர்கள் என்றால் ஜெராக்ஸ் கடையில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். டோனர் என்பது உருகி ஒட்டிய பிளாஸ்டிக் தூள், நீரால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

சமையல் மஞ்சள்தூளைக் கரைத்து நிறமாகப் பூசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வெயில் படும் அலமாரியில் வைத்தால் சீக்கிரமே வெளுத்துவிடும். சுண்ணாம்பு கலந்த பேஸ்டைத் தொட்டால் குங்குமச் சிவப்பாக மாறும். ஆரத்தித் தட்டில் நடப்பதேதான்.

நிறம் பிடிக்கவில்லை, முத்து முத்தாக நிற்கிறது

பளபளப்பான ஜெல் மீடியமோ (கூழ்போலக் கெட்டியான அக்ரிலிக்), ஃபெவிகால் வழிந்த இடமோ அடியில் இருக்கிறது. நீர் நிறங்கள் அதில் இறங்க முடியாது. 400 நம்பர் உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு, துணியால் துடைப்பு, மெல்லிய ஜெஸ்ஸோ. அதன்மேல் எல்லாம் பிடிக்கும். ஒட்டும்போது வழிகிற பசையை ஈரத் துணியால் அப்போதே துடைத்தால் இந்த வேலையே இல்லை. காய்ந்தபின் கண்ணாடிபோலத் தெளிவாகிவிடும் பசையை நிறம் பூசும்வரை கண்டுபிடிக்கவும் முடியாது. தாளைச் சாய்த்து விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள், மின்னும்.

நாப்கின் கிழிகிறது, சுருங்குகிறது

பூ அச்சடித்த காகித நாப்கினில் இரண்டு அல்லது மூன்று அடுக்கு இருக்கும். அச்சு உள்ள மேல் அடுக்கை மட்டும் பிரித்து எடுக்க வேண்டும். பிரிக்காமல் ஒட்டினால் நடு அடுக்கில் பசை ஏறாமல் பிறகு பொருக்காக உரியும். பசையை நாப்கினில் தடவாதீர்கள், அடித்தாளில் தடவுங்கள்.

சுருக்கமே இல்லாமல் வேண்டுமென்றால் இஸ்திரிப் பெட்டி முறைதான் உத்தமம். அடித்தாளில் ஃபெவிகாலை மெல்லிசாக, இடம் விடாமல் பூசி, முழுக்கக் காயவிடுங்கள். நாப்கினை அதன்மேல் விரித்து, பட்டர் பேப்பர் மூடி, நீராவி இல்லாமல் மிதமான சூட்டில் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேயுங்கள். காய்ந்த பசை சூட்டில் இளகி நாப்கினைப் பிடித்துக்கொள்ளும். ஈரமே இல்லாததால் சுருங்கவும் வழியில்லை. சுருக்கம் விழுந்துவிட்ட நாப்கினுக்கு மேலே உலர் தூரிகையால் தங்க நிறம் தொட்டால் அதுவே டெக்ஸ்சர் ஆகிவிடும். படத்தின் முகத்தில் மட்டும் சுருக்கம் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எம்பாசிங் பவுடர் மை படாத இடத்திலும் ஒட்டுகிறது

ஈரக் காற்று, கை வியர்வை, முழுக்கக் காயாத அக்ரிலிக் ஆகியவையே காரணம். டால்கம் பவுடரை மெல்லிய மல்துணியில் முடிந்துகொண்டு, ஸ்டாம்ப் குத்துவதற்கு முன் பரப்பு முழுவதும் ஒற்றுங்கள். மை குத்தி, பவுடர் கொட்டி, தட்டிவிட்டு, வேண்டாத துணுக்குகளை நுண்ணிய உலர் தூரிகையால் நீக்கியபின்தான் சூடு. உருகிவிட்டால் பிறகு சுரண்டத்தான் வேண்டும்.

ஹீட் கன்னை வேறு பக்கம் பார்க்கவைத்து கால் நிமிஷம் சூடாக்கிக்கொண்டு, பிறகு 5 முதல் 8 செ.மீ தூரத்தில் பிடியுங்கள். மணல்போல இருந்தது ஒரு நொடியில் நீர் விட்டதுபோல மினுங்கும். மினுங்கிய கணமே அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். அங்கேயே நின்றால் பவுடர் தாளுக்குள் இறங்கி, எண்ணெய் பட்ட மாதிரி மங்கிவிடும். அதை மீட்க, அதே இடத்தில் மறுபடி மை தொட்டு, பவுடர் போட்டு ஒருமுறை உருக்கலாம். ஹேர் டிரையர் பவுடரை ஊதிப் பறக்கவிடும், உருக்கும் அளவுக்குச் சூடும் இருக்காது. ஹீட் கன் இல்லாதவர்கள் தோசைக்கல்லைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, கல்லுக்கு இரண்டு செ.மீ மேலே அட்டையின் பின்பக்கத்தைக் காட்டலாம். இடுக்கியால் பிடித்துக்கொள்ளுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

மேடு பள்ளப் பரப்பில் ஸ்டாம்ப் முழுதாக விழாது. அங்கே ஸ்டாம்ப் வேண்டாம். மைப்பேடையே கவிழ்த்து மேடுகளின் உச்சியில் தேய்த்து, பவுடர் போட்டு உருக்குங்கள். ஃபோம் டேப் (இரண்டு பக்கமும் ஒட்டும் தடித்த பஞ்சு டேப்) ஒட்டிய பிறகு இந்த வேலையைத் தொடக்கூடாது. டேப் சூட்டில் சுருங்கி, முகப்பு ஒரு பக்கம் இறங்கிவிடும்.

ஒட்டியது விழுகிறது, அல்லது சுற்றிலும் வெள்ளைப் புகை படிந்திருக்கிறது

பொத்தானும் உலோகத் துண்டும் ஃபெவிகாலில் நிற்காமல் போவதற்குக் காரணம், அந்தப் பசை காய ஏதாவது ஒரு பக்கம் நீரை உறிஞ்ச வேண்டும். இரண்டு பக்கமும் உறிஞ்சாத பரப்பு என்றால் நடுவில் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். கனமான ஜெல் மீடியத்தை ஒரு பட்டாணி அளவு வைத்து, அது பக்கவாட்டில் சற்றே பிதுங்கும்படி அழுத்தி, ஓர் இரவு படுக்கவைத்தே காயவிடுங்கள். பிதுங்கியது பொத்தானின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும்.

வெள்ளைப் புகை சூப்பர் குளூவின் வேலை. அதன் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து, அக்கம்பக்கத்தில் தூளாகப் படிகிறது. கறுப்பு, அடர்நீலத்தில் பளிச்சென்று தெரியும். ஒரு குண்டூசி நுனி அளவுக்கு மேல் வைக்காமல், ஃபேன் காற்றில் ஒட்டினால் குறையும். படிந்துவிட்டதை மேட் மீடியம் தொட்ட தூரிகையால் ஒற்றினால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

ஃபோம் டேப் பிரிவதற்குக் காரணம் டேப் அல்ல. அது மேடுகளின் உச்சியை மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கிறது. ஒட்டப்போகும் இடத்தை முன்பே பென்சிலால் குறித்து, அங்கே பேஸ்ட் போடாமல் விட்டுவிடுங்கள்.

அட்டை உறையோடு ஒட்டிக்கொண்டது

நன்றாகக் காய்ந்த அட்டைதான், வாரக்கணக்காகிவிட்டது, ஆனாலும் உறையிலிருந்து எடுக்கும்போது பர்ரென்று சத்தம் வந்து, உறைத் தாளின் நார் ஓவியத்தின்மேல் நிற்கிறது. அக்ரிலிக் என்பது அடிப்படையில் மெல்லிய பிளாஸ்டிக் படலம். சூடானால் இளகும், அழுத்தினால் எதிரே இருப்பதோடு ஒட்டும். தபால் பையின் அடியில், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் சூடு, பாரம் இரண்டுமே கிடைக்கும். பளபளப்பான ஜெல்லும் வார்னிஷும் போட்ட பரப்பில் இது அதிகம். மேட் வார்னிஷில் கலந்திருக்கும் நுண்தூள் நேரடித் தொடுகையைக் குறைப்பதால் அதில் குறைவு.

ஒட்டிக்கொண்டதை இழுக்காதீர்கள். ஜிப் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றி, ஃப்ரீசரில் கால் மணி நேரம் வையுங்கள். குளிரில் அக்ரிலிக் விறைத்துவிடும். வெளியே எடுத்த உடனே, ஒரு மூலையிலிருந்து, தாளைத் தட்டையாகப் பின்னோக்கி மடித்தபடி பிரியுங்கள். அந்தச் சமயத்தில் ஓவியத்தை வளைத்தால் அது முறியும், உறையைத்தான் வளைக்க வேண்டும். மிஞ்சிய நாரை ஈர விரலால் உருட்டி எடுத்துவிடலாம்.

அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டியது: கடைசியாக மேட் வார்னிஷ் ஒரு கோட். மூன்று நாள் திறந்த நிலையில் ஆறவிடுதல். பிறகு உலர்ந்த மென்தூரிகையால் மிகக் கொஞ்சம் டால்கம் பவுடரைத் தடவித் துடைத்தல். முகப்புக்கும் உறைக்கும் நடுவே பட்டர் பேப்பர் ஒன்று. மெழுகுத் தாள் வேண்டாம், சூட்டில் மெழுகு ஏறும். மினுமினுக்கும் பிவிசி உறைகளைத் தவிர்த்துவிடுங்கள். அதிலிருக்கும் மென்மையூட்டி கசிந்து அக்ரிலிக்கை மேலும் பிசுபிசுப்பாக்கும்.

மடிப்பில் வெடிப்பு, அட்டை நிற்காமல் சாய்கிறது

தாளுக்கு நார் ஓட்டம் உண்டு. ஏ4 தாள்களில் அது பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். அதைப் பாதியாக மடிக்கும்போது மடிப்பு நார்களுக்குக் குறுக்கே விழுகிறது. அதனால்தான் முதுகு பொரிகிறது. தாளை இரண்டு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்தத் திசையில் சுலபமாக வளைகிறதோ அந்த மடிப்புதான் நாரோடு போகிறது. பெரிய தாளாக வாங்கி, அதற்கு ஏற்ப வெட்டிக்கொள்வது நிரந்தரத் தீர்வு. இருக்கிற ஏ4தான் என்றால், எழுதாத பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து இரண்டு தடவை அழுத்திக் கோடு இழுங்கள். கோட்டின் பின்புறம் எழும் மேடு, மடித்தபின் உள்பக்கம் இருக்க வேண்டும். மடிப்பை நகத்தால் தேய்க்காமல், ஸ்பூனின் முதுகால் பட்டர் பேப்பர் வைத்துத் தேயுங்கள்.

சாய்ந்து விழும் அட்டைக்குக் காரணம் முகப்பின் கனம். கனமான பொருள்களைக் கீழ்ப்பாதிக்கு இறக்குங்கள். பானை, கரும்பின் அடி எல்லாம் இயல்பாகவே கீழேதான் வரும். இனி மாற்ற முடியாது என்றால், பின் அட்டையின் உள்பக்கத்தில் இன்னொரு 300 ஜிஎஸ்எம் துண்டை ஒட்டிச் சமன் செய்யலாம். வாழ்த்து எழுதும் இடமாகவும் அது ஆகிவிடும்.

கறுப்புப் புள்ளி, பூச்சி அரிப்பு, கறுத்த தங்கம்

மைதாப் பசையில் ஒட்டிய அட்டையை ஈரம் போகாமல் கட்டிவைத்தால் பூஞ்சை வரும், வெள்ளிப்பூச்சியும் வரும். புத்தகம் கட்டுபவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது இதற்காகத்தான். அது விஷம், குழந்தைகள் கையாளும் அட்டைக்கு வேண்டாம். ஃபெவிகாலுக்கு மாறிக்கொள்ளுங்கள். தங்க நிறம் பச்சை கலந்து கறுத்தால், அதில் இருப்பது பித்தளைத் தூள். மைக்கா கலந்த தங்க அக்ரிலிக் கறுக்காது.

தபாலில் நசுங்கியது, கூடுதல் கட்டணம் கேட்டார்கள்

300 ஜிஎஸ்எம் ஏ4 அடி அட்டை மட்டுமே ஏறக்குறைய 19 கிராம். முகப்புத் தாள் 8 கிராம் சொச்சம். உறையும் கிட்டத்தட்ட அவ்வளவே. பேஸ்ட், பொத்தான் சேருமுன்னே 35 கிராம் ஆகிவிட்டது. கடிதக் கட்டணமோ 20 கிராமுக்கு ஒரு படியாக ஏறும். முதல் படிக்கான தபால்தலையை மட்டும் ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால், வாங்குகிறவரிடம்தான் கேட்பார்கள். கவுண்டரில் எடை போட்டு ஒட்டுங்கள்; முத்திரையைக் கையால் மெதுவாகக் குத்தித் தரும்படியும் கேளுங்கள். முகப்பின் மேடு 4 மி.மீயைத் தாண்டினால், அதே உயரத்துக்கு நெளி அட்டையில் ஒரு சட்டம் வெட்டி, நடுவை வெறுமையாக விட்டு, அட்டையின் ஓரங்களைச் சுற்றி வைத்து உறையில் போடுங்கள். பாரம் சட்டத்தின்மேல் விழும், பானைமேல் விழாது.